பூட்டு கொடுத்தவன்

நான் என் மேலதிகாரியிடம் ஒரு பொய் சொன்னேன். பயந்தோ பதறியோ சொன்னதல்ல. காலைத் தேநீரைக் குடித்துக்கொண்டே, நன்றாக யோசித்துச் சொன்ன பொய். "அந்தக் குடியிருப்பில் எல்லா வீடுகளிலும் சாவி மாட்டக் கொக்கி இருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன்" என்றேன். நான் போகவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அந்தப் பொய்யின் விலையை ஒரு தையல்காரப் பெண் தன் இரண்டு கைகளால் கொடுத்தார்.

இத்தனை ஆண்டுகள் வாயைத் திறக்காதவன் இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. கிள்ளானில் நான் வேலை பார்த்த நகராண்மைக் கழகத்தில், என் பழைய மேசையில் இப்போது கவிதா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறார்.

"அங்கிள், உங்க சீட்டுலதான் இப்ப நான் இருக்கேன்."

"நாற்காலி இன்னும் ஆடுதா?"

"ஆடுது லா. ஒரு பக்கம் அட்டை மடிச்சு வச்சிருக்கேன். அங்கிள், பாதுகாப்பு தினத்துக்கு பட்ஜெட் போடச் சொல்லிட்டாங்க. ஸ்பான்சர் எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியல. உங்க ஃபிளாட் நிகழ்ச்சியத்தான் இங்க எல்லாருக்கும் மாடல்னு காட்டுறாங்க. அத அப்படியே ஃபாலோ பண்ணிடவா?"

"ரெண்டு நாள் குடும்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன். என் குற்றம் முன்மாதிரியாகச் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். மெதடிஸ்ட் பள்ளி, பிறகு பல்கலைக்கழகம், பிறகு கிள்ளான் வேலை. சமூக நிகழ்ச்சிகள் நடத்தும் பிரிவில் போட்டார்கள். முதல் சில ஆண்டுகளில் கற்றது அதிகமில்லை. கூடார வாடகையை முதலில் பேசி முடி. பிரியாணிக்கு ஆள்கணக்கைக் கடைசியில் கொடு. பிரமுகர் ஒன்பதுக்கு வருவார் என்றால் பத்து என்று எழுதிக்கொள். பட்டப்படிப்பில் இதில் ஒன்றுகூட இல்லை.

நிதி திரட்டுவது தனிக் கலை. கழகம் தரும் தொகை கூடாரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் சரியாகப் போய்விடும். மீதியை ஊரில்தான் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு ஒரு ஒழுங்கு தெரியாமல், எல்லாரிடமும் "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கடிதம் போட்டேன். ஐந்து பேர் கொடுத்தார்கள். ஐந்து பேரும் குடிநீர்ப் போத்தல் கொடுத்தார்கள். அந்த ஆண்டு மேடை போடப் பணமில்லை. ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரையும் குளிப்பாட்டி அனுப்பியிருக்கலாம். அதற்குப் பிறகு யாரிடமும் பொதுவாகக் கேட்டதில்லை. "உங்களிடம் நாற்காலி, அவரிடம் பிரியாணி" என்று பெயர் சொல்லிக் கேட்பேன். மனிதர்களுக்குத் தாங்கள் கொடுத்த பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும். தாங்கள் கொடுத்த நாற்காலியில் தாங்களே உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

என் மேலதிகாரி புவான் ரொஹானி, அதாவது ரொஹானி அம்மையார். குள்ளமான மலாய்ப் பெண்மணி, ஷா ஆலமிலிருந்து தானே காரோட்டி வருவார். செலவுத் திட்டத்தைக் கீழிருந்து மேலே படிப்பார். "மேலே இருக்கிற செலவெல்லாம் நல்ல பிள்ளைகள், திருட்டுப் பிள்ளைகள் கடைசி வரியில்தான் ஒளிந்திருக்கும்" என்பார். ஒவ்வொரு வரியிலும் பென்சிலை வைத்து, "இது யாருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். கோப்பைக்கும் மாலைக்கும் பதில் சொல்லத் திணறியிருக்கிறேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மேசையில் எப்போதும் ஒரு தட்டில் குவே என்ற மலாய்ப் பலகாரம் இருக்கும். திட்டம் சரியாக இருந்தால் தட்டு நம் பக்கம் நகரும். சரியில்லையென்றால் மெல்ல அவர் பக்கம் நகரும். அப்போது எழுந்து வந்துவிட வேண்டும். எங்கள் பிரிவில் யாராவது சோர்ந்த முகத்துடன் அவர் அறையிலிருந்து வெளியே வந்தால், "என்ன, இன்னைக்குப் பட்டினியா?" என்று கேட்பது வழக்கம்.

இனி அந்த நிகழ்ச்சி.

கிள்ளானில் ஒரு ஐந்து மாடிக் குடியிருப்பில் அடிக்கடி திருட்டு நடந்தது. மக்கள் பாதுகாப்பு தினம் நடத்தக் கேட்டார்கள். நான் நேராக இரும்புக்கடை லிம்மிடம் போனேன். தோட்டத்து வாடிக்கையாளர்களிடம் பழகி, என்னைவிட வேகமாகத் தமிழ் பேசும் சீன முதலாளி, தவுக்கே அவர்.

"வீட்டுக்கு ஒரு பூட்டு தரேன் தம்பி. நல்ல பூட்டு, ரம்பம் போட்டாலும் அறுக்காது. மேடைச் செலவும் என்னுது" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நம் ஊரில் வாசல் கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் இல்லாத வீடு உண்டா? கிரில்லை உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டுதானே டிவி பார்க்கிறோம், சமைக்கிறோம், தூங்குகிறோம்.

அடுத்த வாரம் போம்பா நிலையத்திலிருந்து சார்ஜன் துரைராஜ் வந்தார். தீயணைப்பு வேலையில் நரைத்தவர்.

"அண்ணே, பூட்டு குடுங்க, வேணாங்கல. ஆனா நாங்க போற தீயில பாதி, ஆளு கிரில்லுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு சாவியத் தேடுற தீதான். ஒருத்தர் அரிசி டப்பாவுல வச்சிருப்பாரு, ஒருத்தர் சாமி படத்துக்குப் பின்னால. சில வீட்டுல புருஷன் பாக்கெட்டுல வேலைக்கே போயிருது. பூட்டோட ஒரு கொக்கியும் குடுங்க. கிரில்லுக்குப் பக்கத்துச் சுவத்துல, வெளியில இருந்து கை எட்டாத தூரத்துல. மேடையில எனக்கு ரெண்டே நிமிஷம் போதும்."

நியாயமான பேச்சு. கொக்கியைத் திட்டத்தில் சேர்த்தேன். சேர்த்த பிறகு இரண்டு சங்கடங்கள் வந்தன. முதலாவது, புவான் ரொஹானி தானே கையெழுத்துப் போடக்கூடிய வரம்பைத் தொகை தாண்டியது. தாண்டினால் குழுவுக்குப் போகும், குழு கூட ஒரு மாதமாகும், பிரமுகரின் தேதியோ முடிவாகிவிட்டது. எதையாவது குறைக்க வேண்டும். பிரமுகர்களுக்குக் கண்ணாடி நினைவுச் சின்னங்கள் என்று ஒரு வரி இருந்தது. அதை வெட்டியிருந்தால் கொக்கி தப்பியிருக்கும். இரண்டாவது சங்கடம் லிம்.

"தம்பி, பூட்டு விக்கிறவன் நானு. என் காசுல போட்ட மேடையில நின்னு பூட்டு ஆபத்துன்னு ஒருத்தர் பேசினா எப்படி? கல்யாண வீட்டுல வந்து விவாகரத்து பத்திப் பேசுவியா?"

நான் சிரித்தேன். நல்ல உவமை என்று பாராட்டவும் செய்தேன். கண்ணாடிச் சின்னங்களை வைத்துக்கொண்டு கொக்கியை வெட்டினேன்.

முந்தைய வரைவு புவான் ரொஹானியின் நினைவில் இருந்தது. பென்சில் கடைசி வரியில் நின்றது. "கொக்கி எங்கே?" என்றார். அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் என்னை நம்பினார். தட்டு என் பக்கம் நகர்ந்தது. தேங்காய்ப் பூ தூவிய பச்சைக் குவே. இரண்டு சாப்பிட்டேன்.

சார்ஜனின் இரண்டு நிமிடத்தை நான் வெட்டவில்லை. வெட்டினால் கேள்வி வரும். அதைவிடச் சாமர்த்தியமான வேலை ஒன்றைச் செய்தேன். நிகழ்ச்சி நடத்தியவர்களுக்குத்தான் இது புரியும். நம் மக்களைக் கடைசி வரை நாற்காலியில் பிடித்து வைப்பது அதிர்ஷ்டக் குலுக்கு ஒன்றுதான். அதனால்தான் அதை முடிவில் வைப்போம். டிவி யாருக்கு என்று தெரிந்த மறுகணம் திடலில் ஒரு குருவி இருக்காது. நான் சார்ஜனின் பெயரை அதிர்ஷ்டக் குலுக்குக்குப் பிறகு போட்டேன்.

நிகழ்ச்சி பிரமாதம். பிரமுகர் நான் எழுதி வைத்த தாமதத்துக்கும் மேலே தாமதமாக வந்தார். கொம்பாங் தாளக்காரர்கள் அவருக்காக மூன்று முறை கொட்டத் தொடங்கி, மூன்று முறையும் வேறு யாருடைய காருக்கோ கொட்டி முடித்தார்கள். லிம் ஆளுயரக் காசோலை அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். பூட்டு வரிசையில் ஒருவர் தொப்பி மாற்றிக்கொண்டு இரண்டாம் முறை வந்தார்.

"அண்ணே, நீங்க இப்பத்தான வாங்கினீங்க?"

"அது முன் கதவுக்கு பாஸ். இது பின் கதவுக்கு."

கூட்டமே சிரித்தது, அவருக்கு இன்னொன்று கொடுத்தோம். அதிர்ஷ்டக் குலுக்கில் டிவி நான்காம் மாடிக்குப் போனது. எல்லாரும் எழுந்தார்கள். சார்ஜன் துரைராஜ் மேடையேறினார். ஒலிபெருக்கிக்காரர் ஒயரைச் சுற்றத் தொடங்கியிருந்ததால் ஒலிவாங்கி இல்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து, தொண்டையைத் திறந்து, தன் இரண்டு நிமிடத்தையும் முழுவதுமாகப் பேசினார். முடித்துவிட்டு இறங்கி வந்து என் தோளைத் தட்டினார்.

"பரவால்லண்ணே. அடுத்த தடவை டிவிய எங்கிட்டக் குடுத்துருங்க."

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சில மாதங்களில் அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் தீப்பிடித்தது. பட்டப்பகல். அந்த வீட்டு வசந்தா, வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். தீபாவளி நெருங்கிய நேரம், மேசை நிறையத் துணி. கணவர் லோரி ஓட்டி ஜொகூர் பக்கம் போயிருந்தார். அடுப்படியில் மின்கம்பி பொசுங்கிப் பற்றிக்கொண்டது. கிரில் சாவி அதே அடுப்படியில், பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. திருடன் கை எட்டாத இடம் என்று யோசித்து வைத்த இடம். தீ வந்த பிறகு வசந்தாவின் கையும் எட்டவில்லை.

எதிர் வீட்டில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த உணவகத் தொழிலாளிகள் தங்கியிருந்தார்கள். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கூச்சல் கேட்டு ஓடிவந்தார்கள். சுத்தியலால் பூட்டை அடித்தார்கள். அது அசையவில்லை. கீழே நின்ற வேனிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்து கிரில்லைச் சுவரோடு நெம்பிப் பெயர்த்தார்கள். அதற்குள் கதவுத் திரை பற்றி எரிந்து கிரில் கொதித்துவிட்டது. வசந்தா அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். உயிர் தப்பியது. விரல்கள் மடங்கிப்போயின.

நிவாரணப் பொருள்களோடு நான் போனேன். அதுவும் என் பிரிவின் வேலைதான். பெயர்த்த கிரில் படிக்கட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் பூட்டு தொங்கியது, எங்கள் கழகத்தின் சின்னம் பாதி கருகிய நிலையில். பூட்டு அப்போதும் பூட்டியபடியே இருந்தது. லிம் பொய் சொல்லவில்லை. நல்ல பூட்டு.

மறுநாள் புவான் ரொஹானி அழைத்தார். "அந்த வீட்டில் கொக்கி இருந்ததா?" என்றார்.

"தெரியவில்லை, புவான்" என்றேன். இது இரண்டாவது பொய்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். தட்டு எந்தப் பக்கமும் நகரவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் பூங்காப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். மழைமரக் கிளைகளை வெட்டி, நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன்.

கவிதாவின் அழைப்புக்குப் பிறகு, அந்தக் குடியிருப்பில் விசாரித்து, வசந்தா இப்போது பந்திங்கில் இருக்கிறார் என்று அறிந்து போனேன். கணவர் காலமாகிவிட்டார். தங்கை வீட்டோடு இருந்தார். என்னை நிவாரணம் கொண்டுவந்த அதிகாரி என்று அடையாளம் கண்டு, "வாங்கண்ணே" என்று நாற்காலி போட்டார். போனால் எப்படித் தொடங்குவது என்று காரில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கொக்கி, கண்ணாடிச் சின்னம், பொய், அதிர்ஷ்டக் குலுக்கு, எல்லாம்.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப தெரிஞ்சேதான் வெட்டியிருக்கீங்க."

"ஆமா."

"இத்தன வருஷம் அந்த டின்ன அங்க வச்சது யாருன்னு எங்க வீட்டுல சண்டை சார். நான் வச்சேன்னு அவரு. அவரு வச்சாருன்னு நானு. அவரு சாகுற வரைக்கும் அது முடியல."

அண்ணன் போய் சார் வந்துவிட்டதைக் கவனித்தேன். இன்றுவரை அது மாறவில்லை.

"இப்ப வந்து எதுக்குச் சொல்றீங்க? மனசு பாரம் குறையணும்னா?"

"அதுவும் இருக்கு" என்றேன். "கொக்கிய மாட்டணும்னும் இருக்கு. விட்டுப்போன எல்லா வீட்டுலயும்."

சும்மா சொல்லவில்லை. திட்டத்தோடுதான் போயிருந்தேன், பழக்கதோஷம். சின்ன மேடை, பதாகை, அதில் அவருடைய கைகளின் படம், நன்கொடையாளர்கள் வரிசை. விவரித்துக்கொண்டே போனேன். அவர் என்னை நிறுத்தினார்.

"சார், என் கைய பேனர்ல போட்டீங்க, அந்த பேனரை உங்க தலையிலயே சுத்திருவேன்."

உள்ளேயிருந்து அவர் தங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது.

"மேடையெல்லாம் வேணாம். வீடு வீடா போவோம். நானும் வரேன். ஆனா சும்மா வர மாட்டேன். தையல்ல ஒரு நாளைக்கு என்ன சம்பாதிச்சேனோ அத நாள்கூலியா குடுங்க. இன்னொன்னு. ஒவ்வொரு வீட்டுலயும் நீங்க யாருன்னு நான்தான் சொல்லுவேன்."

ஒப்புக்கொண்டேன். என் வாழ்நாளில் போட்ட செலவுத் திட்டங்களில் அதுதான் மிகச் சிறியது. முதல் வரி வசந்தாவின் கூலி. அது என் ஓய்வூதியத்திலிருந்து. திருகாணிக்கும் பெட்ரோலுக்கும் பிரிக்பீல்ட்ஸ் காப்பிக்கடையில் கூடும் ரயில்வே வீட்டுக் கிழவர்களிடம் வசூலித்தேன். "கொக்கியா? யாருக்கு, எங்களுக்கு மாட்டவா?" என்று கேலி செய்துகொண்டே கொடுத்தார்கள். கொக்கிக்கு லிம்மிடம் போனேன். கடையை மகன் பார்க்கிறார், விரல் வைத்தால் திறக்கும் பூட்டெல்லாம் விற்கிறார். லிம் வாசலில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"மேடை இருக்கா?"

"இல்ல தவுக்கே."

"படம் எடுப்பியா?"

"இல்ல."

"மாலை?"

"இல்ல."

"அப்ப நான் எதுக்குக் குடுக்கணும்?"

சொன்னேன். வசந்தாவைப் பற்றி அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. செய்தித்தாளை மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார். "அந்த போம்பா ஆளு பேசவே இல்லியே அன்னைக்கு" என்றார்.

"பேசினாரு. எல்லாரும் போன பிறகு."

மகனைக் கூப்பிட்டு ஒரு பெட்டி கொக்கியை என் காரில் ஏற்றச் சொன்னார். கார் கிளம்பும்போது கண்ணாடியைத் தட்டினார். "ஒண்ணு திருப்பிக் குடு தம்பி. என் வீட்டுச் சாவி எங்க இருக்குன்னு எம் பொண்டாட்டிக்குத்தான் தெரியும்."

கவிதாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப அந்த மாடல தூக்கிப் போட்டுடவா, அங்கிள்?" என்றார்.

"வேணாம். ரெண்டு இடத்த மாத்து. கண்ணாடிச் சின்னத்த வெட்டு. போம்பாவ அதிர்ஷ்டக் குலுக்குக்கு முன்னால போடு. ஏன் மாத்தினேன்னு யாராவது கேட்டா எம் பேரச் சொல்லு."

சனிக்கிழமைகளில் போகிறோம். ஒவ்வொரு வாசலிலும் வசந்தா தன் விரல்களைக் கிரில் கம்பியில் வைத்து, "அக்கா, இவருதான் அன்னைக்கு எல்லாருக்கும் பூட்டு குடுத்தவரு. கொக்கி குடுக்காம விட்டுட்டாரு. இப்ப குடுக்க வந்திருக்காரு" என்பார். நான் பக்கத்தில் துளைபோடும் கருவியோடு நிற்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் அவர் விரல்களைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். எத்தனை வாசல் ஏறினாலும் அது பழகவில்லை. பழகக் கூடாது என்றுதான் அவர் அப்படிச் செய்கிறாரோ என்னவோ. மறுமுறை போய்ப் பார்த்தால் சில கொக்கிகளில் சாவி இருக்கிறது. சிலவற்றில் குடை. ஒரு வீட்டில் முருங்கைக்காய்க் கட்டு. "இடம் நல்லா இருக்கு அங்கிள், கைக்கு வாட்டமா" என்றாள் அந்த வீட்டுப் பெண். வசந்தா முருங்கைக்காயைக் கழற்றி அவள் கையில் கொடுத்துச் சாவியை வாங்கி மாட்டினார்.

போன சனிக்கிழமை வசந்தாவுக்குக் காய்ச்சல். சாலாக் செலாத்தானில் ஒரு பழைய குடியிருப்புக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால் தனியாகப் போனேன். அந்த ஊருக்கு நான் பூட்டு கொடுத்ததில்லை. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. முதல் வீட்டில் கிரில்லுக்குப் பின்னால் ஓர் ஆன்டி வந்து நின்றார், கையில் கரண்டியோடு.

"யாரு நீங்க? ஏதும் விக்கிறீங்களா?"

நகராண்மைக் கழகத்தில் வேலை பார்த்தவன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யுமில்லை.

"கிள்ளான்ல வீடு வீடா பூட்டு குடுத்தவன்மா நான். கொக்கி குடுக்காம விட்டதால ஒருத்தங்க கை போச்சு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமில்ல. உங்க கிரில் சாவிய எடுத்துட்டு வாங்க. நான் இங்க நிக்கிறேன்."

"இருங்க" என்று உள்ளே போனார். ஒரு டப்பா திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு டப்பா. இழுப்பறை ஒன்று இழுபட்டது. "ஏங்க, சாவிய எங்க வச்சீங்க?" என்று யாரையோ கேட்டார். அடுப்பில் ஏதோ தாளிக்கும் வாசம் வந்தது. நான் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கொக்கியோடு நின்றேன். டப்பாக்கள் திறந்து மூடிக்கொண்டே இருந்தன.